மாணவர் விடுதி: கட்டில் கணக்கு போதாது

2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றிருந்தது: சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று மாநகரங்களிலும் தலா ஆயிரம் மாணவியர் தங்கிப் படிக்க, 275 கோடி ரூபாயில் விடுதிகள். மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி. அரசு செலவழிக்க முன்வந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அந்த ‘ஆயிரம்’ என்கிற எண்ணைச் சற்று நின்று யோசிக்கவும் வேண்டும். ஆயிரம் பேர் என்பது ஒரு சிற்றூர். ஒரே கூரையின் கீழ் ஒரு சிற்றூரைக் குடிவைக்கப் போகிறோம். அதுவும் முதன்முறையாக வீட்டைவிட்டு வருகிற பதினெட்டு, இருபது வயதுப் பெண்களை. அவர்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யார் கதவைத் தட்டுவார்கள், தண்ணீர் நின்றுபோனால் யாரிடம் போய்க் கேட்பார்கள்? நம் விடுதிகள் இந்தக் கேள்விகளைக் கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடந்த பிறகே சந்திக்கின்றன. வரைபடம் போடும்போதே சந்திக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

விடுதிகளுக்கான தேவை ஏன் இப்படிப் பெருகுகிறது என்பதில் புதிர் ஒன்றுமில்லை. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கல்லூரிக்குச் செல்லும் மாணவியருக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கின. கல்லூரிப் படியேறாத வீடுகளிலிருந்து முதல் தலைமுறை வெளியே வந்துகொண்டிருக்கிறது. பொறியியல் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவித்தபோது, ஓர் உண்மை அரசுமொழியில் பதிவானது: இந்தப் பிள்ளைகளுக்கு இடம் என்றால் வகுப்பில் ஒரு பெஞ்சும் விடுதியில் ஒரு கட்டிலும் சேர்ந்ததுதான். சேர்க்கை நாளில் தகப்பன்மார் கேட்கும் முதல் கேள்வி பாடத்திட்டத்தைப் பற்றியதல்ல. “ஹாஸ்டல் இருக்குங்களா சார்?” என்பதுதான்.

தமிழ்ச் சமூகம் இதை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தது. வெளியூர்களிலிருந்து சென்னைக்குப் படிக்கவந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்காத நிலையில், டாக்டர் சி.நடேசன் 1916இல் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ தொடங்கினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே.சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். அடுத்த பத்தாண்டுக்குள், சேரன்மாதேவியில் வ.வே.சு.ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி வைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த கொந்தளிப்பு, 1925இல் பெரியார் காங்கிரஸைவிட்டு வெளியேறியதற்கான காரணங்களுள் ஒன்றானது. மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஓர் இடத்தில் யாருக்கு எங்கே இலை போடுவது என்பது, ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பிய வரலாறு நம்முடையது. அந்த வழக்கு தீர்ந்துவிட்டதாகவும் சொல்ல முடியவில்லை. 2018இல் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவ உணவினருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியது. 2023இல் மும்பை ஐஐடி விடுதியில் சைவ உணவினருக்கென்று மேசைகள் ஒதுக்கியதை எதிர்த்து, அந்த மேசையில் அமர்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. விடுதி நிர்வாகம் என்பது குழாய், விளக்கு, பூட்டு சம்பந்தப்பட்ட வேலை என்று நினைப்பவர்கள் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறைகள் நடத்தும் விடுதிகள் எல்லாம் இனி ‘சமூகநீதி விடுதி’ என்றே அழைக்கப்படும் என 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 2,739 விடுதிகள்; ஏறத்தாழ 1.80 லட்சம் மாணவ, மாணவியர். பெயர்ப் பலகையிலிருந்து சாதி அகன்றது நல்லது. பலகையைத் தாண்டி உள்ளே போய்ச் சாப்பாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2023இல் இந்த விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுச் செலவினம் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதாவது, மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய். அரிசி மலிவாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், பருப்பு, எண்ணெய், காய்கறி, முட்டை, கறி எல்லாம் சந்தை விலைக்குத்தானே வருகின்றன? தக்காளி விலை ஏறும் வாரத்தில் சாம்பார் எப்படியிருக்கும் என்று சமையலரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எப்போதோ ஒருமுறை சட்டமன்ற அறிவிப்பாக வரும் இந்த உயர்வை, அகவிலைப்படியைப் போல விலைவாசியோடு சேர்ந்து தானாக உயரும்படி மாற்ற வேண்டும். அரசு ஊழியரின் சம்பளத்துக்கு நாம் ஒப்புக்கொண்ட நியாயத்தை மாணவரின் தட்டுக்கு மறுக்கக் காரணமே இல்லை.

காலை ஏழு மணிக்குப் பழைய விடுதி ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். குளியலறை வாசலில் ஆட்களுக்குப் பதிலாக பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எழுதிய அறை எண். உள்ளே சில கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. வெளியே ஒருத்தி காவல் நிற்க, இன்னொருத்தி குளிப்பாள். அறைக்கு வந்தால் நான்கு கட்டில், ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று. நான்கு செல்போன்களும் ஒரு லேப்டாப்பும் அதன் தயவில் உயிர் வாழும். துணி காயப்போட இடம் வரைபடத்திலேயே கிடையாது என்பதால் ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிவரை கொடி ஓடும். ஈரத் துணி ஜன்னலை மறைக்க, பகல் பதினொரு மணிக்கும் ட்யூப்லைட் எரியும். மொட்டைமாடிக்குப் பூட்டு. மேல்தளத்து அறைகளில் ஏப்ரல், மே மாதங்களில் இரவு இரண்டு மணிவரை சுவர் சுடும். அதுதான் செமஸ்டர் தேர்வுக் காலமும்கூட. இவற்றில் எதைச் சரிசெய்யவும் கோடிகள் வேண்டாம். கூடுதலாக மூன்று பிளக், காற்றோட்டமான ஒரு துணி உலர்த்தும் பால்கனி, வெயில் இறங்காத கூரை. வரைபடம் போடுகிறவர் அங்கே ஓர் இரவு தங்கியிருந்தால் இவை தாமாகவே வந்திருக்கும்.

ஜன்னல் என்றதும் அமெரிக்க விவகாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்தில் கடும் விடுதித் தட்டுப்பாடு. 2021இல் மாணவர்களை ஹோட்டல்களில் தங்கவைக்கும் நிலை. பெரும் செல்வந்தர் சார்லி மங்கர் 20 கோடி டாலர் நன்கொடை தருகிறேன், ஆனால் என் வடிவமைப்பின்படியே கட்ட வேண்டும் என்றார். பதினொரு தளங்கள், 4,500 மாணவர்கள், ஒரே கட்டடம். ஆளுக்கொரு தனியறை உண்டு; ஆனால், அவற்றில் 94 சதவீத அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்துக்குச் செயற்கை ஜன்னல் பொருத்திக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. அறைக்குள் அடைந்து கிடக்காமல் மாணவர்கள் பொதுக்கூடத்துக்கு வந்து பழகுவார்கள் என்பது அதற்கான வாதம். பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் குழுவில் ஆலோசகராக இருந்த கட்டடக் கலைஞர் டென்னிஸ் மெக்ஃபேடன் 2021 அக்டோபரில் பதவி விலகினார். ஒரு கட்டடக் கலைஞனாக, பெற்றோராக, மனிதனாக இதை ஏற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. எதிர்ப்பு வலுத்தது, 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு வேறு வடிவமைப்புக்குப் போனது. தட்டுப்பாடு உண்மையானது, பணமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்றாலும் வேண்டாம் என்று சொன்னார்கள். ‘இடமே இல்லாததற்கு இதாவது கிடைக்கிறதே’ என்று எதற்கும் தலையாட்டப் பழகிவிட்ட நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கல்வி நிறுவன விடுதிகளில் ஒருவர் தங்கும் அறை குறைந்தது 7.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. சுமார் 81 சதுர அடி. சென்னையைப் போன்ற புழுக்கமான ஊர்களில் ஜன்னல் முதலிய திறப்புகளின் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிக்கல், நம் கேள்வி ஒரு கட்டிலுக்கு எத்தனை அடி என்பதோடு நின்றுவிடுவதுதான். ஆயிரம் பேருக்குக் கட்டும்போது, நீண்ட தாழ்வாரத்தின் இரு பக்கமும் அறைகளை அடுக்கிக்கொண்டே போவது ஒப்பந்ததாரருக்கு எளிது. அந்தத் தாழ்வாரத்தில் யாரும் யாருக்கும் பக்கத்து வீடு ஆகமாட்டார்கள். அதற்குப் பதிலாக, முப்பது நாற்பது பேருக்கு ஒரு பகுதி என்று பிரிக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் சிறு கூடம், கஞ்சியோ நூடுல்ஸோ வைத்துக்கொள்ள ஓர் அடுப்படி, அவர்களுக்கென்றே குளியலறைகள், துணிக்கொடி. ஆயிரம் பேருக்கு இப்படி இருபத்தைந்து பகுதிகள். செலவு சற்றுக் கூடும். ஆனால், நாற்பது பேர் உள்ள இடத்தில் ஒருத்தி இரண்டு நாளாக எழுந்து வரவில்லை என்றால் தெரிந்துவிடும். ஆயிரம் பேரில் அது தெரியாது.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, மாணவர் தங்குமிடங்களைப் பாடக் கட்டடங்களுக்கு இணையாகவே திட்டமிட்டார்கள். சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று தனித்தனி ஹால்கள். மரங்களுக்கிடையே தாழ்வான கட்டடங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வார்டன், தனிச் சாப்பாட்டுக் கூடம், மாணவர்களே தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்கள். முடித்து வெளியேறிப் பல்லாண்டு ஆனவர்கள்கூடக் கல்லூரிப் பெயரோடு ஹாலின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அளவு சிறியதாக இருந்ததும், நடத்தும் பொறுப்பில் மாணவருக்குப் பங்கிருந்ததும்தான் அந்தப் பற்றுக்குக் காரணம் என்பேன்.

ஆனால், அழகான கட்டடம் மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கும் நமக்கு மிக நெருக்கமான ஒரு சாட்சி உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தபோது, மாணவர்கள் தங்கிப் படிப்பதையே உயர்கல்வியின் சாரமாகக் கருதினார் அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். மலைச் சரிவில், மகாவலி ஆற்றங்கரையில் எழுந்த அந்த விடுதிகளில் தமிழ்த் தலைவர்களான இராமநாதன், அருணாசலம் சகோதரர்களின் பெயர் தாங்கிய மண்டபங்களும் உண்டு. ஆசியாவின் மிக அழகிய வளாகங்களுள் ஒன்று. அதே இராமநாதன் மண்டபத்தில்தான் 1975இல் பகிடிவதை என்று அங்கே சொல்லப்படும் ராகிங்குக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் உடல் முடங்கிப்போனார், 2002இல் இறந்தார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவரான தமிழ் இளைஞர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டே இலங்கையில் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இங்கே, 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு விடுதி அறையில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் பிணம் கிடக்கிறது. அந்த இரவுகளில் அந்தக் கட்டடங்களுக்குள் பொறுப்புள்ள ஒரு பெரியவர் விழித்திருந்தாரா என்பதே என்னைத் துரத்தும் கேள்வி.

நம் கல்லூரிகளில் வார்டன் என்பவர் யார்? பகலில் முழுநேரம் பாடம் நடத்தி, தேர்வுத்தாள் திருத்தி, மாலையில் சொற்ப மதிப்பூதியத்துக்கு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் உதவிப் பேராசிரியர். நலத் துறை விடுதிகளில் காப்பாளராக அமர்த்தப்படுபவர் பெரும்பாலும் ஆசிரியர் பணியிலிருந்து வந்தவர். பக்கத்து ஊர் விடுதிக்கும் ‘கூடுதல் பொறுப்பு’ அவரிடமே இருக்கும். கொள்முதல் பதிவேடு, வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு என்று எழுதி முடிக்கவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். மனம் உடைந்த ஒரு மாணவியிடம் எப்படிப் பேச வேண்டும், தீ பிடித்தால் இருநூறு பேரை எந்த வழியாக இறக்க வேண்டும் என்பதற்கு அவருக்குப் பயிற்சி தந்தவர் யாருமில்லை. சில பல்கலைக்கழகங்களில் ‘ஆர்.சி.’ என்கிற ரெசிடென்ட் கவுன்சிலர்கள் விடுதியிலேயே தங்குகிறார்கள், நல்ல ஏற்பாடு. அதை எல்லா இடத்துக்கும் விரிவாக்கி, விடுதி நிர்வாகத்தைத் தனிப் பணியாக, தனிப் பயிற்சியோடு, பதவி உயர்வுக்கு வழியோடு அமைக்க வேண்டும். பணிபுரியும் பெண்களுக்கான ‘தோழி’ விடுதிகளைத் தனி நிறுவனம் வைத்து நடத்தும் அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல.

மெஸ்ஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். அரசு மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்றொரு நல்ல வழக்கம் உண்டு. மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, எல்லோரும் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுத்தால் ஒரு நாள் விலை கிடைக்கும். அவரவர் இருந்த நாளுக்கு அவரவர் கட்ட வேண்டும். மாணவர்களில் சிலர் மெஸ் செயலாளர்களாக இருந்து மார்க்கெட்டுக்குப் போவார்கள், கணக்கு எழுதுவார்கள், மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். பில் ஏறினால் சக மாணவர்களிடம் பதில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் இதைவிட நல்ல நிர்வாகப் பாடம் கிடைக்காது. இப்போது இது மெல்ல மறைந்து, கேட்டரிங் ஒப்பந்தங்கள் வருகின்றன. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே தொகை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, பணத்துக்காக மட்டுமல்ல. டிவைடிங் முறையில் யார் சாப்பிட வந்தார், யார் வரவில்லை என்ற பதிவு தினமும் இருக்கும். 2023 ஆகஸ்டில், நுழைவுத்தேர்வுப் பயிற்சி மையங்கள் நிறைந்த ராஜஸ்தானின் கோட்டா நகரில், மாணவர்களின் தொடர் தற்கொலைகளைத் தடுப்பதற்காக விடுதி அறைகளில் ஸ்பிரிங் பொருத்திய மின்விசிறிகளைக் கட்டாயமாக்கினார்கள். அந்த அளவுக்கு முற்றும்வரை போக விடுவானேன்? ஒரு பிள்ளை தொடர்ந்து நான்கு வேளை சாப்பிட வரவில்லை என்றால், அன்று மாலையே ஒருவர் போய் அறைக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு அந்தப் பதிவேடு போதும், அதைப் பார்க்க ஓர் ஆளும் போதும்.

மாணவியர் விடுதி என்றதும் நம் நிர்வாகங்களுக்கு முதலில் தோன்றுவது பூட்டு. மாலை ஆறரைக்கு கேட்டை மூடிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதியில் இல்லாத கட்டுப்பாடுகளைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்று யுஜிசியின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. மாலை 6 முதல் 10 மணிவரை செல்போனை ஒப்படைக்க மறுத்ததற்காக கோழிக்கோடு பகுதிக் கல்லூரி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவி தொடர்ந்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று 2019இல் தீர்ப்பளித்தது கேரள உயர் நீதிமன்றம். நூலகம் ஒன்பது மணிவரை திறந்திருக்கும் பல்கலைக்கழகத்தில் மாணவி மட்டும் ஆறரைக்கு வெளியேற வேண்டும் என்றால், அந்த இரண்டரை மணி நேரப் படிப்பை அவளிடமிருந்து பறிக்கிறோம். விடுதிக்கும் நூலகத்துக்கும் இடையே விளக்கு எரியும், ஆள் நடமாட்டமுள்ள பாதை போடுவது வடிவமைப்பாளரின் வேலை. அதைச் செய்யாமல் பூட்டு வாங்கக் கூடாது.

வளாகத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் விடுதிகளுக்குப் போகிறார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையம் பகுதியில் தனியார் பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பற்றியதில் உயிர்கள் பலியாயின. பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று 2014லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துவதில்தான் தொய்வு. கல்லூரிப் பையன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் மேன்ஷன்களும் பிஜிக்களும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. தீக்கும் மின்கசிவுக்கும் ஆண், பெண் பேதம் தெரியாது. சட்டத்தை எல்லா மாணவர் தங்குமிடங்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

உயர்கல்வி பயிலும் திருநர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அவர்கள் எந்த விடுதியில், எந்த அறையில், எந்தக் குளியலறையோடு தங்குவது? பணம் ஒதுக்கியாயிற்று, இடம் ஒதுக்கவில்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கும் அப்படித்தான்: வாசலில் சாய்தளம் இருக்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கு மூன்று படி ஏற வேண்டியிருக்கும். புதிதாகக் கட்டும்போது இவை கூடுதல் செலவே இல்லை. பிறகு உடைத்துச் செய்வதுதான் செலவு.

எனவே, புதிய விடுதி எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு அதன் வரைபடத்தை அந்த ஊரில் இப்போது விடுதிகளில் இருக்கும் மாணவியரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். பக்கெட்டை எங்கே வைப்போம், ஈரத்துணியை எங்கே போடுவோம், இரவு எந்தப் பாதையில் நடக்க பயமாக இருக்கிறது என்பதை அவர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆலோசகர் கிடையாது. கட்டுமானச் செலவை எழுதும் அதே கோப்பில், முதல் பத்தாண்டுக்கான நடத்தும் செலவையும் எழுத வேண்டும்: நாற்பது பேருக்கு ஒரு பொறுப்பாளர், முழுநேர ஆற்றுநர், இரவுப் பணியில் செவிலியர், தூய்மைப் பணியாளர்களுக்கு நிரந்தர ஊதியம், ஆண்டுதோறும் குழாய், மின்சாரப் பழுதுபார்ப்பு, விலைவாசியோடு உயரும் உணவுச் செலவினம். 275 கோடி ரூபாய் அறிவிப்பில் இந்த வரிகள் இல்லை. அவற்றையும் சேர்த்த பிறகே நிதித் துறை அந்தக் கோப்பில் கையெழுத்திட வேண்டும்.